வேலூர் வெயிலில் சின்ன விமானம்: சாவியைத் தொடுவதற்கு முன் போட வேண்டிய கணக்கு

எனக்குச் சொந்த ஊர் கணியம்பாடி பக்கம். நைனா, அதாவது என் அப்பா, மூன்று ஏக்கரில் மல்லாட்டை (வேர்க்கடலை) போட்டவர். நான் செஸ்னா 152, 172 விமானங்களில் இருபத்தைந்து வருஷம் பயிற்றுநராக இருந்துவிட்டு, இப்போது காட்பாடியில் எங்கள் வீட்டு மாடியில் ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகளுக்குத் தரைப் பாடம் எடுக்கிறேன். குடியாத்தம், ஆம்பூர், வாலாஜா, ஆற்காடு என்று பல ஊரிலிருந்தும் வருகிறார்கள். அப்துல்லாபுரத்தில் நமக்கென்று ஒரு விமான தளம் இருந்தாலும், பறக்கப் படிக்க வெளியூர்தான் போக வேண்டியிருக்கிறது. விடுமுறைக்கு ஊருக்கு வரும்போது அவர்கள் கேட்கிற கேள்விகளுக்கு நான் வாயால் சொல்கிற பதில்களைத்தான் இங்கே எழுதி வைக்கிறேன். எஸ்.பி.எல். என்கிற மாணவர் உரிமம் வைத்திருக்கிறவருக்கும், பி.பி.எல். என்கிற தனியார் விமானி உரிமம் வாங்கிவிட்டு மாதம் ஒருமுறை பறக்கிறவருக்கும் இது ஆகும்.

பறக்க ஆசைப்படுகிற பிள்ளையின் அப்பா முதலில் கேட்பது கட்டணம் எவ்வளவு என்று. நான் முதலில் கேட்பது மெடிக்கல் ஆயிற்றா என்று. விமானப் போக்குவரத்தைக் கண்காணிக்கிற டி.ஜி.சி.ஏ. அங்கீகரித்த மருத்துவரிடம் கிளாஸ் 2 சான்று கைக்கு வந்த பிறகே பயிற்சிக்குப் பணம் கட்டுங்கள். தொழில் விமானியாகப் போகிறவர் கிளாஸ் 1-ஐயும் முடித்துக்கொள்வது நல்லது. நிறங்களைப் பிரித்துப் பார்ப்பதில் குறை இருப்பது பலருக்குப் பதினெட்டு வயது வரை தெரிவதே இல்லை. நிலத்தை அடமானம் வைத்துக் கட்டணம் கட்டிய பிறகு அது தெரியவந்த ஒரு குடும்பத்தை எனக்குத் தெரியும். 16 வயதில் எஸ்.பி.எல்., 17 வயதில் 40 மணி நேரம் பறந்து முடித்து பி.பி.எல். என்பதுதான் கணக்கு. ஒரு மாதம் பொறுத்துக் கட்டினால் எதுவும் கெட்டுப்போகாது.

வெயிலுக்கு ஓர் எண்

வேலூரை வெயிலூர் என்பார்கள். அந்த வெயிலுக்கு ஓர் எண் உண்டு. அதைக் கண்டுபிடிக்காமல் மே மாதத்தில் விமானத்தை நகர்த்தக் கூடாது. காற்று மெலிந்திருப்பதால் விமானம் எந்த உயரத்தில் நிற்பதுபோல நடந்துகொள்ளும் என்கிற எண் அது. டென்சிட்டி ஆல்டிட்யூட் என்று பாடத்தில் படித்திருப்பீர்கள்; தேர்வுக்காக மனப்பாடம் செய்து மறந்தும் போயிருப்பீர்கள். ஒரு தாளை எடுத்து என்னோடு சேர்ந்து போட்டுப் பாருங்கள்.

நம் ஊர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 700 அடி. கோடையில் கியூ.என்.எச்., அதாவது கடல் மட்டத்துக்குக் கணக்கிட்ட காற்றழுத்தம், 1003 ஹெக்டோபாஸ்கல் என்று வைத்துக்கொள்வோம். தர அழுத்தம் 1013. பத்து குறைகிறது, ஒன்றுக்கு 30 அடி, ஆக 300. 700-உடன் 300 சேர்ந்தால் 1,000 அடி. கடல் மட்டத்தில் தர வெப்பம் 15 டிகிரி, ஆயிரம் அடிக்கு இரண்டு டிகிரி குறையும். 1,000 அடியில் இருக்க வேண்டியது 13. வெளியே வெப்பமானி காட்டுவது 42. வித்தியாசம் 29. ஒவ்வொரு டிகிரிக்கும் 120 அடி என்றால் 3,480. மொத்தம் ஏறக்குறைய 4,500 அடி.

ஏலகிரி 3,600 அடி. ஏற்காடு 5,000 அடிக்குக் கிட்டத்தட்ட. பாலாற்றங்கரையில் தரையில் நிற்கிற விமானத்தின் இன்ஜினுக்கும் இறக்கைக்கும், அது ஏலகிரிக்கு மேலே, ஏற்காட்டுக்குக் கொஞ்சம் கீழே நிற்பதாகத்தான் கணக்கு. டர்போ இல்லாத இன்ஜின் ஆயிரம் அடிக்கு ஏறத்தாழ 3 சதவீதம் சக்தியை இழக்கும். 4,500-க்கு 13 சதவீதம் போயிற்று. புரொப்பெல்லரும் அதே மெல்லிய காற்றைத்தான் தள்ளுகிறது. இன்னொன்றை நிறையப் பேர் மறந்துவிடுகிறார்கள்: வேகமானி 55 நாட் (மணிக்கு 55 கடல் மைல்) காட்டும்போது உண்மையில் நீங்கள் கிட்டத்தட்ட 59 நாட்டில் ஓடிக்கொண்டிருக்கிறீர்கள். குறைந்த சக்தியை வைத்துக்கொண்டு கூடுதல் வேகத்துக்கு முடுக்க வேண்டும். இது இரண்டும் சேர்ந்துதான் ஓடுதளத்தைத் தின்கிறது.

இதை நான் புத்தகத்தில் கற்றதைவிட வலியில் கற்றது அதிகம். பி.பி.எல். வாங்கி ஒரு வருஷம்கூட ஆகாத நேரம். மே மாதம், பகல் ஒரு மணி. 172-இல் நானும் இரண்டு நண்பர்களும், டேங்க் நிறைய எரிபொருள். எடைக் கணக்கைப் போட்டேன். உச்ச எடை 1,157 கிலோவுக்குள்தான் வந்தது. அது போதும் என்று நினைத்துவிட்டேன். கையேட்டில் டேக்-ஆஃப் தூரம் உள்ள பக்கத்தைத் திறக்கவே இல்லை. த்ராட்டிலை முழுக்கத் தள்ளியதும் விமானம் ஓடியது, ஓடியது, ஓடிக்கொண்டே இருந்தது. தரையை விட்ட பிறகு ஏறும் வேகம் காட்டுகிற முள் நிமிஷத்துக்கு இருநூறு அடியைத் தாண்டவில்லை. எதிரே பனை வரிசை. மூக்கைத் தூக்கு, தூக்கு என்று கை துடிக்கிறது. தூக்கினால், வேகம் போதாமல் இறக்கை தாங்கும் சக்தியை இழக்கப்போகிறது என்று எச்சரிக்கிற ஸ்டால் ஹாரன் முனகுகிறது. மூக்கை இம்மி இறக்கி, வேகத்தை விடாமல் பிடித்து, இரண்டு பனைகளுக்கு நடுவில் இருந்த இடைவெளியைப் பார்த்துப் போனேன். பின்சீட்டில் இருந்தவன் அடுத்த அரை மணி நேரம் ஒரு வார்த்தை பேசவில்லை. தவறு முழுக்க என்னுடையது.

ஆகவே இப்படிச் செய்யுங்கள். கையேட்டின் டேக்-ஆஃப் அட்டவணையில் உங்கள் எடை, உங்கள் உயரம், அன்றைய வெப்பம் மூன்றையும் வைத்துத் தூரத்தை எடுங்கள். அதை ஒன்றரை மடங்காக்குங்கள். அந்த எண்கள் புது விமானத்தை, புது இன்ஜினோடு, கைதேர்ந்த சோதனை விமானி ஓட்டி எடுத்தவை. நம் பயிற்சி விமானங்களுக்கு வயது முப்பது நாற்பது. ஒன்றரை மடங்கு ஓடுதளத்துக்குள் அடங்கவில்லை என்றால் ஓர் ஆளையோ, எரிபொருளையோ இறக்குங்கள். 172-இன் கையேட்டைத் திறந்தால் இன்னொன்று தெரியும்: அந்த அட்டவணை 40 டிகிரியோடு முடிந்துவிடுகிறது. 42-இல் கிளம்புகிறவருக்கு விமானத்தைக் கட்டிய நிறுவனமே எந்த எண்ணும் தரவில்லை. எண் இல்லாத இடத்துக்கு நான் போவதில்லை. நீங்களும் போகாதீர்கள்.

ஓடும்போதும் ஒரு கணக்கு வேண்டும். ஓடுதளத்தின் பாதித் தூரத்தில் கண்ணுக்குத் தெரிகிற ஓர் அடையாளத்தைக் கிளம்புமுன் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு பலகை, ஒரு வேப்பமரம், எதுவானாலும் சரி. அந்த இடத்தைத் தாண்டும்போது, தரையை விடும் வேகத்தில் எழுபது சதவீதம் வந்திருக்க வேண்டும். 55 நாட்டில் தூக்குகிறவருக்கு 39; 50-இல் தூக்குகிறவருக்கு 35. வரவில்லையா, த்ராட்டிலை இழுங்கள், நிறுத்துங்கள். இன்னும் கொஞ்சம் பார்ப்போம் என்ற எண்ணம் அப்போது வரும். அதற்கு இடம் கொடுக்காமல் இருக்கத்தான் எண்ணைத் தரையிலேயே முடிவு செய்வது.

ஏப்ரல், மே, ஜூன் மூன்று மாதமும் என் மாணவர்கள் ஐந்தரைக்கு விமானத்திடம் நிற்பார்கள், ஒன்பதுக்குள் இறங்கிவிடுவார்கள். ஒன்பதுக்கு மேல் தரை சூடாகி வெப்பக் காற்று எழும்ப ஆரம்பிக்கும். கூடவே பருந்துகளும் எழும்பும். இறைச்சிக் கழிவு கொட்டுகிற இடங்களுக்கு மேலே அவை வட்டமிடுவதை நம் ஊரில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. எதிரே பறவை வந்தால், வேகம் இடம் கொடுக்கும் அளவுக்கு மேலே போங்கள். மிரண்ட பறவை பெரும்பாலும் கீழேதான் பாயும். மதியத்துக்கு மேல் சித்தூர்ப் பக்கமும் ஜவ்வாது மலைப் பக்கமும் மேகம் கோபுரமாக எழுந்தால் அன்றைக்குக் கடை மூடியாயிற்று. கோடை மழைக்கு முன்னால் ஓடிவருகிற புழுதிக் காற்று, மழை தூரத்தில் இருக்கும்போதே ஓடுதளத்தைப் புரட்டிப் போட்டுவிடும். இடி மேகத்துக்கும் உங்களுக்கும் நடுவில் 20 கடல் மைல் இருக்கட்டும்.

வெயில் விமானியையும் விடாது. கதவு மூடிய 152-க்குள் பத்து நிமிஷம் டாக்ஸி செய்து, அதாவது தரையிலேயே ஓட்டிப் பாருங்கள், சட்டை முதுகில் ஒட்டிக்கொள்ளும். தாகம் எடுப்பதற்கு முன்பே தலை மந்தமாகிவிடும். ரேடியோவில் சொன்ன எண்ணைத் திருப்பிக் கேட்க ஆரம்பித்தால் அதுதான் அறிகுறி. முதல் நாள் ராத்திரியிலிருந்தே தண்ணீர் குடியுங்கள். உப்புப் போட்ட நீர்மோர் ஒரு பாட்டில் கையில் இருக்கட்டும்.

சளிக்கு மருந்துக் கடையில் கேட்டு வாங்குகிற மாத்திரையில் தூக்கம் வரவைக்கிற சரக்கு இருக்கலாம். இருமல் சிரப்பில் ஆல்கஹால் இருக்கலாம். பறப்பதற்கு 12 மணி நேரத்துக்குள் மது கூடாது என்பதும், ஊதிப் பார்க்கிற கருவியில் சுழியம்தான் வர வேண்டும் என்பதும் விதி. எனவே மருந்தின் பெயரை எழுதி எடுத்துக்கொண்டு போய், விமானிகளைப் பரிசோதிக்கிற மருத்துவரிடம் கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள். மூக்கடைப்போடு ஏறினால் இறங்கும்போது காது வலி உயிர் போகும். அன்றைக்கு வீட்டில் இருங்கள்.

நீலம் எங்கே?

ஐப்பசி அடைமழை. இரவெல்லாம் கொட்டித் தீர்த்துவிட்டு விடியற்காலையில் வெளுத்திருந்தது. பேரணாம்பட்டிலிருந்து வந்து படித்த ஒரு பெண், என் மாணவி. 152-இன் இடது இறக்கைக்கு அடியில் குனிந்து, கண்ணாடிக் குப்பியை வைத்து அழுத்தி எரிபொருள் பிடித்தாள். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள்.

"சுத்தமா இருக்கு சார். தண்ணி இல்ல."

"இன்னொரு தரம் பாரும்மா. இறக்கைக்குப் பக்கத்துல வெச்சுப் பாரு."

வெள்ளை இறக்கைக்கு எதிரே பிடித்தாள். குப்பிக்குள் இருந்தது பளிங்குபோல இருந்தது. கோடு இல்லை, குமிழ் இல்லை, தூசி இல்லை. சில நொடிகள் கழித்து அவள் முகம் மாறியது.

"சார்... நீலமே இல்ல."

இந்தச் சின்ன விமானங்களுக்கு ஊற்றுகிற பெட்ரோலான அவிகாஸ் 100 எல்.எல். நீல நிறம். தண்ணீர் கலந்திருந்தால் அடியில் குண்டாகத் தங்கும், நடுவில் கோடு தெரியும் என்று பாடத்தில் சொல்லித் தருகிறோம். குப்பி முழுக்கத் தண்ணீராகவே இருந்தால் கோடு எங்கிருந்து வரும்? அன்றைக்கு நீலம் வருவதற்குள் குப்பி குப்பியாக வடித்தோம். டேங்க் மூடியின் ரப்பர் வளையம் வெயிலில் காய்ந்து வெடித்திருந்தது. அதன் வழியே மழை இறங்கியிருக்கிறது. இறக்கையை ஆட்டிவிட்டு, கால் மணி நேரம் பொறுத்து, மறுபடி வடித்தோம். மறுபடியும் கொஞ்சம் வந்தது. அன்று பறக்கவில்லை. அவள் தனியாகப் பறக்கிற முதல் நாளாக அது இருந்திருக்க வேண்டியது.

ஆகவே குப்பியைப் பார்க்கும்போது மூன்று கேள்வி: நீலமா? கோடு உண்டா? முகர்ந்தால் பெட்ரோல் வாசனை வருகிறதா, மண்ணெண்ணெய் வாசனை வருகிறதா? ஜெட் எரிபொருளைத் தவறுதலாக ஊற்றிவிட்டால் மூக்கும் ஒரு வெள்ளைத் தாளும் காட்டிக்கொடுக்கும். தாளில் ஒரு சொட்டு விட்டால் அவிகாஸ் ஆவியாகிப் போய்விடும். ஜெட் எரிபொருள் பஜ்ஜி சுற்றிய தாள் மாதிரி எண்ணெய்க் கறையை விடும். வடிக்க எத்தனை துளை இருக்கிறதோ அத்தனையிலும் பிடிக்க வேண்டும். 172 எஸ் மாடலில் 13 துளை. முட்டி வலிக்கும், பிடியுங்கள்.

எரிபொருள் அளவை மீட்டரில் பார்க்காதீர்கள், அளவுகோலை விட்டுப் பாருங்கள். 152-இல் பயன்படுத்தக்கூடியது சுமார் 92 லிட்டர், மணிக்குச் சுமார் 23 குடிக்கும். நாலு மணி நேரம் என்று கணக்கு சொல்லும். நான் மூன்று மணி நேரத்துக்கு மேல் திட்டம் போடுவதில்லை. பகலில் அரை மணி இருப்பு போதும் என்பது விதி. என் விதி ஒரு மணி.

மழைக்காலத்தில், காற்றையும் பெட்ரோலையும் கலந்து இன்ஜினுக்குத் தருகிற கார்புரேட்டரையும் நினையுங்கள். வெளியே 25 டிகிரி இருக்கும்போதுகூட, ஈரமான காற்றில் த்ராட்டிலைக் குறைத்து இறங்கும்போது உள்ளே பனிக்கட்டி பிடிக்கும். நம் ஊரில் பனிக்கட்டியா என்று யாரும் நம்பமாட்டார்கள். ஆர்.பி.எம்., அதாவது இன்ஜின் சுற்றும் வேகம், தானாகக் குறைந்தால், கார்புரேட்டருக்குச் சூடான காற்றை விடுகிற கார்ப் ஹீட்டை முழுக்க இழுங்கள். முதலில் இன்னும் குறையும், கொஞ்சம் தடதடக்கும், பயந்து உள்ளே தள்ளிவிடாதீர்கள். கட்டி உருகியதும் ஏறும்.

குளவியும் மைனாவும்

இரண்டு நாள் நின்ற விமானத்தில் குளவி குடிவந்திருக்கும் என்று நினைத்தே சுற்றிப் பாருங்கள். வேகமானிக்குக் காற்றைக் கொண்டுபோகிற பிட்டோ குழாயின் துளை அதற்குப் பிடித்த அளவு. மண்ணை உருட்டிக் கொண்டுவந்து ஒரு மத்தியானத்தில் அடைத்துவிடும். எரிபொருள் டேங்கின் காற்றுத் துளையையும் விடாது. அது அடைபட்டால் இன்ஜினுக்கு எரிபொருள் இறங்காது. கவர் மாட்டுவது ஒரு நிமிஷ வேலை. மாட்டிய கவரைக் கழற்றுவதும் அதே அளவு முக்கியம், அதனால்தான் சிவப்பு ரிப்பன். ஓட ஆரம்பித்ததும் "வேகம் உயிரோடு இருக்கு" என்று வாய்விட்டுச் சொல்லச் சொல்வேன். முள் அசையவில்லை என்றால் அங்கேயே நிறுத்த வேண்டும். இன்ஜின் மூடிக்குள் மைனா வைக்கோலைத் திணித்திருக்கும். டார்ச் அடித்துப் பாருங்கள், விரலையும் விட்டுப் பாருங்கள்.

செஸ்னாவில் சீட் தண்டவாளத்தில் நகரும். பூட்டு சரியாக விழாமல் டேக்-ஆஃப் செய்தால், மூக்கு தூக்கியதும் சீட் பின்னால் ஓடும். கைப்பிடியைப் பிடித்திருக்கிற உங்கள் கையும் கூடவே இழுக்கும். உயிர்கள் போயிருக்கின்றன. உட்கார்ந்ததும் முன்னும் பின்னும் உடம்பை உலுக்கிப் பாருங்கள்.

எதை வாங்குவது

மாணவர்கள் முதலில் விலை கேட்பது ஹெட்செட். டேவிட் கிளார்க் மாதிரி சாதா ஹெட்செட் பழையது ஒன்று நல்ல நிலையில் கிடைத்தால் பி.பி.எல். வரைக்கும் அது போதும். மிச்சப் பணத்தைப் பறக்கிற மணி நேரத்தில் போடுங்கள். கறுப்புக் கண்ணாடி வாங்கும்போது கடைக்காரர் போலரைஸ்டு என்று பெருமையாக எடுத்து நீட்டுவார், வேண்டாம். அதைப் போட்டுக்கொண்டு பார்த்தால் சில திரைகள் கறுத்துப்போகும். செருப்போடு ஏறக் கூடாது, ரட்டர் பெடலுக்கு அடியில் மாட்டிக்கொள்ளும். தடித்த அடியுள்ள ஸ்போர்ட்ஸ் ஷூவில் பெடல் காலுக்குத் தெரியாது. ஆம்பூரில் தைத்த, மெல்லிய அடியுள்ள தோல் ஷூதான் இருபது வருஷமாக என் காலில் இருக்கிறது. சட்டை பருத்தியாக இருக்கட்டும்; தீப்பிடித்தால் பாலியெஸ்டர் உருகித் தோலில் ஒட்டும்.

டேப்லட்டில் வரைபடம் வைத்துக்கொண்டு பறப்பது நல்ல வசதி. ஆனால் ஐபேட் 35 டிகிரி வரைதான் வேலை செய்யும் என்று அதைச் செய்தவர்களே சொல்கிறார்கள். முன்கண்ணாடியில் ஒட்டி வைத்தால் நம் வெயிலில் சீக்கிரமே திரை அணைந்து வெப்பமானிப் படம் காட்டும். தொடையில் கட்டுங்கள், நிழலில் வையுங்கள், தாளில் ஒரு வரைபடமும் பேனாவும் எப்போதும் இருக்கட்டும்.

விபத்தானால் தானாகச் சமிக்ஞை அனுப்புகிற இ.எல்.டி. உங்கள் விமானத்தில் 406 மெகாஹெர்ட்ஸ் உள்ளதா என்று கேளுங்கள். பழைய 121.5-ஐ மட்டும் அனுப்புகிற கருவியை 2009 பிப்ரவரியிலிருந்து செயற்கைக்கோள்கள் கேட்பதில்லை. 406 சமிக்ஞை பெங்களூரில் உள்ள இந்திய மையத்துக்குப் போய்ச் சேரும்; கருவி உங்கள் விமானத்தின் பெயரில் பதிவாகியிருந்தால்தான் யாரைத் தேடுவது என்று அவர்களுக்குத் தெரியும். பேட்டரித் தேதியையும் பாருங்கள். அமெரிக்காவில் இருக்கிற மாமா வாங்கி அனுப்புகிறேன் என்று சொல்கிற சாட்டிலைட் ஃபோன், செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்புகிற கையடக்கக் கருவி எதையும் அனுமதி இல்லாமல் இந்தியாவில் வைத்திருக்கக் கூடாது. விமான நிலையத்திலேயே கைதானவர்கள் உண்டு.

இன்ஜின் நின்றால் எந்த நிலம்

இதைப் பற்றி நாள் முழுக்கப் பேசுவேன்.

சாவி போடுமுன் வாய்விட்டுச் சொல்ல வேண்டியது: "ஓடுதளத்தில் கோளாறு என்றால் நிறுத்துவேன். 1,000 அடிக்குள் இன்ஜின் நின்றால் நேரே, இடம் வலம் 30 டிகிரிக்குள் இறக்குவேன். திரும்ப மாட்டேன்." திரும்பி ஓடுதளத்துக்கே வந்துவிடலாம் என்ற ஆசைதான் ஆளைக் கொல்கிறது. இன்ஜின் நின்றதை மனம் ஏற்கவே சில நொடி ஆகும். திரும்பி வர 180 டிகிரி போதாது. மறுபடி நேர்க்கோட்டுக்கு வர இன்னும் வேண்டும். 45 டிகிரி சாய்த்தால் ஸ்டால் வேகம் 19 சதவீதம் கூடும், 60 சாய்த்தால் 41. கீழே மண் நெருங்குகிறது, கை தானாக இழுக்கிறது, வேகம் குறைகிறது. நேரே இறங்கியவர்கள் விமானத்தை இழந்திருக்கிறார்கள். திரும்பியவர்கள் பலர் உயிரை இழந்திருக்கிறார்கள்.

உயரம் இருந்தால் முதல் வேலை வேகம். 152-க்கு 60 நாட், 172 எஸ்-க்கு 68. விமானம் தானாக அதே வேகத்தில் நிற்கும்படி டிரிம் செய்துவிட்டு நிலம் தேடுங்கள். 172 ஆயிரம் அடி உயரத்திலிருந்து காற்றில்லாத நேரத்தில் சுமார் ஒன்றரை கடல் மைல், அதாவது இரண்டே முக்கால் கிலோமீட்டர் மிதக்கும். அதற்கு வெளியே எவ்வளவு நல்ல நிலம் இருந்தாலும் அது உங்களுக்கு இல்லை.

நைனாதான் எனக்கு நிலத்தைப் படிக்கக் கற்றுக்கொடுத்தார். லைசென்ஸ் வாங்கிய புதிதில் அவரை வரப்பில் நிற்கவைத்து, "நைனா, இதுல ப்ளேன இறக்கினா இன்னா ஆகும்?" என்று ஒவ்வொரு கொல்லையாகக் கேட்டேன். நடவு முடிந்த நெல் வயலைக் காட்டியதும் தலையாட்டினார்: "சேத்துல காலு உள்ள பூடும், தலைகுப்புறக் கவுந்துடும்." கரும்பைக் காட்டினேன். ஆள் உயரத்துக்கு மேல் நிற்கிற சோகை, கீழே தரை தெரியாது, வேண்டாம் என்றார். மல்லாட்டைக் கொல்லைக்கு வந்ததும் குனிந்து மண்ணைக் கையில் எடுத்துக் காட்டினார். செடி முழங்காலுக்குக் கீழே, செம்மண் இறுகியிருக்கும், டிராக்டர் ஓடிய நிலம். அன்றிலிருந்து மேலேயிருந்து பார்க்கும்போது பச்சையில் வித்தியாசம் பார்க்கிறேன். நெல்லின் பச்சை ஒரே சீராக, சில கோணத்தில் கண்ணாடிபோல மின்னும், அது தண்ணீர். மல்லாட்டை கொஞ்சம் மங்கல் பச்சை, நடுநடுவே சிவப்பு மண் தெரியும். வரப்பு ஓடுகிற திசையிலேயே இறக்குங்கள், குறுக்கே போகாதீர்கள். தென்னந்தோப்பைக் கண்ணாலேயே ஒதுக்கிவிடுங்கள்.

பாலாற்று மணல் மேலேயிருந்து பார்த்தால் வெள்ளைவெளேரென்று ஓடுதளம் மாதிரியே இருக்கும். எத்தனையோ மாணவர்கள் அதைத்தான் கைகாட்டுவார்கள். மணல் மெத்து, மூக்குச் சக்கரம் புதைந்தால் விமானம் புரளும். மணல் அள்ளிய குழிகளும் இருக்கும். 2021 நவம்பரில் அதே ஆறு கரைக்குக் கரை வெள்ளம் போனதையும் பார்த்தோம். என் முதல் தேர்வு, மே மாதத்தில் வற்றிய ஏரி. களிமண் வெயிலில் வெடித்துச் சிமெண்டுபோலக் கிடக்கும், மின்கம்பம் இருக்காது. சீமைக் கருவேலம் மண்டாத பக்கமாகப் பார்த்துக்கொள்ளுங்கள். அதே ஏரி மார்கழியில் குளம். ஆகவே சீசனுக்கு ஒருமுறை உங்கள் பாதையில் உள்ள ஏரிகளைப் புதிதாகக் குறித்துக்கொள்ளுங்கள். நெடுஞ்சாலை வேண்டாம்: லாரிகள், நடுச்சுவர், குறுக்கே கம்பி. கம்பி மேலிருந்து தெரியாது, கம்பத்தைத் தேடுங்கள். இரண்டு கம்பம் தெரிந்தால் நடுவில் கம்பி உண்டு.

காற்றை எதிர்த்து இறங்குங்கள். 45 நாட்டுக்குப் பதில் 60-இல் தரையைத் தொட்டால் வேகம் மூன்றில் ஒரு பங்குதான் கூடுதல். ஆனால் மோதலில் உடம்பு தாங்க வேண்டிய ஆற்றல் முக்கால் பங்குக்கு மேல் கூடுதல். எரிபொருள் கலவையை நிறுத்துகிற மிக்ஸ்சரை இழு, எரிபொருளை மூடு, தீப்பொறி தருகிற மேக்னெட்டோவை அணை. மெதுவாக இறங்க உதவுகிற, இறக்கையின் பின்பக்கத் தகடான ஃப்ளாப் மின்சாரத்தில் ஓடுவது, அதனால் அதை இறக்கிய பிறகுதான் மாஸ்டர் ஸ்விட்ச். தொடுவதற்கு முன் கதவுகளைத் தாழ் திறந்து விடுங்கள், சட்டம் வளைந்தால் பிறகு திறக்காது. நேரம் இருந்தால் மட்டும் ரேடியோ: ஆபத்து அலைவரிசை 121.5, ரேடாருக்கு அடையாளம் காட்டுகிற டிரான்ஸ்பாண்டரில் ஆபத்து எண் 7700.

மேகமும் மலையும்

1954-இல் அமெரிக்காவின் இலினாய் பல்கலைக்கழகத்தில், கருவி பார்த்துப் பறக்கத் தெரியாத 20 பேரை மேகத்துக்குள் இருப்பதுபோலப் பறக்கவைத்துப் பார்த்தார்கள். கட்டுப்பாட்டை இழக்க எடுத்த சராசரி நேரம் 178 நொடி. அதே ஆய்வில் அவர்களுக்குச் சொல்லித் தந்தது திரும்பி வரும் வழி. பிடியைத் தளர்த்தி, திரும்பும் வேகத்தைக் காட்டுகிற டர்ன் கோஆர்டினேட்டர் கருவியில் உள்ள சின்ன விமானப் படத்தின் இறக்கை முனையைக் கோட்டில் நிறுத்தினால் நொடிக்கு 3 டிகிரி திரும்பும். ஒரு நிமிஷத்தில் வந்த வழியே பார்ப்பீர்கள். பயிற்றுநரோடு, வெளியே தெரியாமல் மறைக்கிற ஹூட் மாட்டிக்கொண்டு, கை தானாகச் செய்கிற வரைக்கும் பழகுங்கள். ஐப்பசி கார்த்திகையில் ஜவ்வாது மலையின் தலையில் மேகம் உட்கார்ந்துவிடும்; மலை எங்கே முடிகிறது, மேகம் எங்கே தொடங்குகிறது என்று தெரியாது. ஆடிக் காற்றில் ஏலகிரியின் கிழக்குச் சரிவில் காற்று கீழே அமுக்கும். மலையைத் தாண்டினால் 2,000 அடி மேலே, 45 டிகிரி சாய்வாக அணுகுங்கள். திரும்ப வேண்டி வந்தால் பாதித் திருப்பம் ஏற்கனவே கையில் இருக்கும்.

சென்னைப் பக்கம் போகிறவர் அரக்கோணத்தை மறக்கக் கூடாது. 1992-இல் தொடங்கிய ஐ.என்.எஸ். ராஜாளி கடற்படைத் தளம், 4 கிலோமீட்டருக்கு மேல் நீளும் ஓடுதளம், கடலைக் கண்காணிக்கிற பி-8ஐ விமானங்கள். வான் பாதுகாப்பு அனுமதி எண்ணும் விமானத் தகவல் மையம் தருகிற எஃப்.ஐ.சி. எண்ணும் வாங்காமல் கிளம்பாதீர்கள், தொடைத் தாளில் எழுதி வையுங்கள். பாலாறு, ரயில் பாதை, நெடுஞ்சாலை மூன்றும் அருகருகே ஓடுவதால் வழி தப்புவது கடினம் என்பார்கள். புகைமூட்டத்தில் எல்லோரும் அதே கோட்டைத்தான் பிடிப்பார்கள். கோட்டுக்கு வலப்புறமாகப் பறந்து, எதிரே ஒருவர் வருகிறார் என்று நினைத்தே கண்ணை ஓட்டுங்கள்.

கிளம்பும் நாளில் எங்கள் வீட்டு ஃபிரிட்ஜ் கதவில் ஒரு தாள் ஒட்டுவேன். விமானத்தின் பதிவெண், நிறம், எங்கிருந்து எங்கே, எந்த வழியாக, எத்தனை பேர், எத்தனை மணிக்கு இறங்குவேன், எரிபொருள் எத்தனை மணிக்குத் தீரும். கீழே இரண்டு ஃபோன் எண். சொன்ன நேரத்துக்கு அரை மணி கழித்தும் என் ஃபோன் வரவில்லை என்றால் என் மனைவி யோசிக்காமல் அந்த எண்களைக் கூப்பிட வேண்டும், யாராவது தொந்தரவாக நினைப்பார்களோ என்று தயங்கக் கூடாது. இறங்கி ஃப்ளைட் பிளானை மூடியதும் நான் முதலில் செய்வது அவளைக் கூப்பிடுவது. கயிறு கட்டுவது, பிட்டோ கவர் மாட்டுவது எல்லாம் அதற்கு அப்புறம்தான்.